பக்கவாட்டில் ஒரு மயிரிழை

மார்ச் மாதம் கிரெனோபிளின் தெருக்கள் குறுகிவிடும்.
ஓரமெல்லாம் அழுக்குப் பனிக்குவியல்,
மிச்ச இடத்தில் கார்கள்.
இருந்த ஒரே இடுக்கில் என் பழைய ரெனோவை நுழைக்கப்
பதினோரு முறை முன்னும் பின்னும் போனேன்.

சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நகரத் தெரியாது.
முன்னே, பின்னே, இடம், வலம்:
அவ்வளவுதான் அதற்கு வாய்த்தது.
ஆனாலும் கார் பக்கவாட்டில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.
(பாடப்புத்தகங்கள் தரும் உதாரணமே இதுதான்.
எழுதியவர்கள் இந்தத் தெருவில் நிறுத்திப் பார்த்ததில்லை.)

ஆய்வகத்தில் நோதார் விழித்திருந்தான்.
கைக்கடிகாரத்தில் இன்னும் திபிலிசி நேரம்.
பொன்முலாம் தட்டுகள் அடுக்கடுக்காய்த் தொங்க
அடித்தட்டில், விண்வெளியை விடக் கடுங்குளிரில்,
நகத்தில் பாதி அளவுக்கு ஒரு சில்லு.
கம்ப்ரஸர் மட்டும் இளைப்பு நோய்க்காரர் போல
இழுத்து இழுத்து மூச்சு விட்டது.

ஒரு கோளம்.
உச்சியில் பூஜ்யம், அடியில் ஒன்று,
மற்ற இடமெல்லாம் இரண்டும் கலந்த ஏதோ.
அது தானாகச் சுழன்றபடியே இருக்கும், நிறுத்த முடியாது.
என் கையில் ஒரே ஒரு பிடி, நுண்ணலைத் துடிப்பு.
அதை வைத்துச் சொன்ன இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்,
அது எல்லாவற்றையும் மறப்பதற்குள்.
மறக்க நாற்பது மைக்ரோ நொடி.

ஒன்றைச் செய்.
அப்புறம் இன்னொன்றைச் செய்.
முதலில் செய்ததைத் திருப்பு.
அடுத்ததையும் திருப்பு.
கணக்குத் தீர்ந்து, கிளம்பிய இடத்தில் இருக்க வேண்டும்.
இருக்க மாட்டோம்.
ஒரு மயிரிழை தள்ளி
யாருமே தள்ளாத ஒரு திசையில் நிற்போம்.
அந்த மயிரிழைக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

எத்தியேன் வந்தான்.
நான் கதவைத் திறந்தேன்.
எத்தியேன் போனான்.
நான் கதவைச் சாத்தினேன்.
அதே சமையலறை, அதே நீலக் கெட்டில்.
அன்றிரவு இருட்டில் சுவிட்சைத் தேடிய கை
வெறும் சுவரைத் தொட்டது.

மூன்று மணிக்குக் கணினி தன் துடிப்பை நீட்டியது.
நோதார் வரைந்தது வழவழவென்று ஒரு குன்று.
இதுவோ கோழி கிளறிய மண்.
"முதலில் எதிர்ப்பக்கம் போகிறதே, ஏன்?"
தெரியவில்லை என்றேன்.
தெரியும்.
இடுக்குக்குள் நுழையும் முன்
நானும் அதைத் தாண்டிப் போய்த்தான் நின்றேன்.
சொன்னால் பாடப்புத்தகம் மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பத்தாயிரம் முறை அனுப்பினோம்.
பத்தாயிரம் முறையும் போய்ச் சேர்ந்த பிறகுதான் பார்த்தோம்,
பார்த்ததெல்லாம் பூஜ்யம் அல்லது ஒன்று.
வழியில் அது எங்கே இருந்தது என்று
ஒரு தடவை கூடப் பார்க்க வாய்க்கவில்லை.
பிசகு ஆயிரத்தில் ஒன்று.
நோதார் கை தட்டவில்லை,
பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தான்.
காலையில் சில்லின் சுழற்சி கொஞ்சம் நழுவியிருக்கும்,
கோழி மறுபடி கிளற வேண்டும். அது வேறு.

விடியலில் கீழே வந்தால்
என் காரின் மூக்கை ஒட்டி ரொட்டிக்கடை வேன்.
நுழைந்த பதினொன்றை அப்படியே தலைகீழாகப் போட்டேன்.
ஐந்தாவதில் இடித்தது.
இசேர் கலங்கல் நீரைத் தள்ளிக்கொண்டு ஓடியது.
நோதார் பனிக்குவியலின் மேல் ஏறி நின்று
ஆரஞ்சு வாசனைக் கையை ஆட்டி
அவன் மொழியில் ஏதோ கத்தினான்.
'வா' என்றானா, 'நில்' என்றானா.
ஒடித்தேன்.