அகலக் கால்

ஸ்னூக் கடைச் சுவரில்
இருபத்தேழு அங்குல டயர் ஒன்று தொங்குகிறது.
பல் ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் நீளம்.
அதன் அடியில் அண்ணாந்து நிற்கிறான் ஹெட்லி,
என்னைவிடப் பத்து நிமிடம் மூத்தவன்.
தேவாலயத்தில்கூட அவன் இப்படி நின்றதில்லை.

"சேற்றுக்கு இதுதான்" என்கிறான்.
"சேறு எத்தனை கிலோமீட்டர்?" என்கிறேன்.

கணக்கு என்னிடம் இருக்கிறது.
வாசலிலிருந்து எங்கள் குடில்வரை நாற்பத்தொன்று.
தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போன பழைய ரயில் தடம்
முப்பத்து மூன்று: உடைகல், சரளை,
பல்லெல்லாம் ஆடும் அதிர்வு.
கருங்கல் மேடு இரண்டு.
நடுவில் ஓர் ஓடை, முழங்கால் ஆழம்,
பனி உருகும் மே மாதத்தில் இடுப்பளவு.
மீதி ஆறு கிலோமீட்டர் சதுப்பு.
அந்த மீதியை வைத்துத்தான்
மொத்தத்துக்கும் டயர் வாங்கப் பார்க்கிறான்.

போன அக்டோபரில் கிழிந்தது பல் அல்ல,
விலா.
மேட்டில் ஒரு கல்விளிம்பு
பின் இடது டயரைப் பக்கவாட்டில்
காட் மீனின் வயிற்றைப்போலத் திறந்தது.
ஒட்டுப் போட முடியாத இடம்.
இழுவண்டியில் மூஸ் இறைச்சி, சுற்றிலும் மூடுபனி,
பதினாலு கிலோமீட்டர் நடை.
வழி முழுக்க என்னைக் குறை சொன்னான்,
ஓட்டியது நான் என்பதால்.
அந்த மலிவு டயரை வாங்கியது யார் என்று
நான் கேட்கவில்லை.
இன்னும் கையில் வைத்திருக்கிறேன்.

"எட்டு பிளை எடுத்தால் கல்லுக்குப் பயமில்லை,
ஆனால் கனம். உங்கள் கிழட்டு எஞ்சின் முனகும்.
ஆறு போதும்" என்கிறார் ஸ்னூக்.
பின்னால் இரண்டை மட்டும் மாற்றினால்?
"முன்னால் ஓர் உயரம், பின்னால் ஓர் உயரம் என்றால்
நாலு சக்கரமும் இழுக்கும்போது
வண்டி தன்னோடு தானே மல்லுக்கு நிற்கும்."
ஹெட்லி என்னைப் பார்த்தான்.
நான் விலைச்சீட்டைப் பார்த்தேன்.
குடிலுக்கு வாங்க இருந்த புது அடுப்பை
மனசுக்குள்ளேயே அணைத்தேன்.

இருபத்தைந்து அங்குலம். ஆறு பிளை. ரேடியல்.
குட்டைப் பல், அகன்ற முகம்.
"கிழவர்கள் டயர்" என்றான்.
"நமக்கு ஐம்பத்தெட்டு" என்றேன்.

ஜூன் மாதச் சனிக்கிழமை.
புது ரப்பரின் மெல்லிய முடிகள்
பத்தாவது கிலோமீட்டரில் உதிர்ந்து போயின.
சதுப்பின் விளிம்பில் இறங்கி
மானியை வைத்துக் காற்றைக் குறைத்தேன்.
ஏழு பவுண்டு ஐந்தானது.
டயர்கள் சற்றே தொப்பை போட்டு உட்கார்ந்தன.

அகலக் கால் வைக்காதே என்பார்கள்,
கடனுக்குப் பயந்தவர்கள்.
சதுப்பில் சட்டம் வேறு.
இங்கே தோண்டுகிறவன் இறங்குகிறான்.
போன வாரம் யாரோ நீளப் பற்களோடு
கடந்த இடம் தெரிகிறது:
இரண்டு கருப்புப் பள்ளம், நடுவே வண்டி வயிறு தேய்த்த தடம்,
நெம்பப் போட்ட பலகை பாதி முங்கிக் கிடக்கிறது.
நாங்கள் ஓரமாக, மெதுவாக,
முடுக்கியை முட்டைபோல் பிடித்துக்கொண்டு
மேலாகவே போனோம்.
பின்னால் பஞ்சுப்புல் நிமிர்கிறதா என்று
திரும்பிப் பார்த்தேன்.
கொஞ்சம் நிமிர்ந்தது. எல்லாம் அல்ல.

ஓடைக்கு அப்பால் களிமண் ஏற்றம்.
குட்டைப் பல் அங்கே வழுக்கியது,
மறைப்பானேன்.
ஹெட்லி இறங்கித் தள்ளினான்.
சக்கரம் வாரி இறைத்ததில்
மீசை எது, மண் எது என்று தெரியவில்லை.
"நீளப் பல் இருந்திருந்தால்…"
வாயில் போன சேற்றைத் துப்பிவிட்டு
மறுபடி சொன்னான்.
இரண்டு முறையும் ஒப்புக்கொண்டேன்.
ஐம்பது மீட்டருக்கு அவன் சொன்னதுதான் சரி.

திரும்பும்போது ரயில் தடத்தில்
எங்கோ ஒரு பல்லிடுக்கில்
சிறு கல் மாட்டிக்கொண்டு
டிக், டிக், டிக்.
"நிறுத்து, பிடுங்கிவிடுகிறேன்" என்றான்.
விடு என்றேன்.
எவ்வளவு தூரம் கூட வருகிறதென்று பார்ப்போம்.