வந்த நேரம்

தாராபுரம் ஷெட்டில் எனக்கு டைம்கீப்பர் வேலை.
புறப்பட்ட நேரம், வந்த நேரம்,
நடுவில் வண்டி எண், டிரைவர் பெயர், டீசல்.
நோட்டில் இந்தக் கோடுகளைப் போட்டுக் கொடுத்தவர்
முதலாளி சென்னியப்பன்.
அடிக்கோலைத் தொடவில்லை.
அத்தனையும் நேராக இருந்தன.

பதினோரு வண்டி.
கடைசி வண்டி மூலனூரிலிருந்து
பத்தே முக்காலுக்கு வரும்.
அதுவரை கேட்டுக்கு வெளியே நிற்பார்.
வெளிச்சம் தெரியும் முன்பே,
"நாலாம் நம்பர். ரெண்டாவது கியர்
கரகரங்குது பாரு" என்பார்.

டீசல் திருட்டுக்குப் பயம் என்றான் ஃபோர்மேன்.
கஞ்சன் என்றார்கள் கிளீனர் பையன்கள்.
நானும்தான் சொன்னேன்.

இம்பாலில் ஏரோப்ளேன் ஓட்டிக்
குண்டு போட்டவராம்.
இங்கே வந்து புகையிலை மண்டி வைத்து நொடித்தார்.
அப்புறம் ஜின்னிங் ஃபேக்டரி,
அது ஒரு சித்திரையில் எரிந்தது.
பட்டாளம் கழித்த லாரி இரண்டை ஏலத்தில் எடுத்துக்
கரூரில் கூடு கட்டிப்
பழனிக்கும் காங்கயத்துக்கும் விட்டார்.
எருமைத் தரகரும் தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தாவும்
ஒரே சீட்டில் தொடை இடித்து உட்கார்ந்தது
அந்த வண்டிகளில்தான்.
மேலே பறந்த கதையை யார் கேட்டாலும்
"நெம்பக் குளுருங்க அங்க."
அவ்வளவுதான்.

அந்த ஐப்பசியில்
மூன்று நாள் விடாத மழை.
பதினொன்று. பதினொன்றரை.
ஏழாம் நம்பர் வரவில்லை.
வந்த நேரக் கட்டத்தில்
'இல்லை' என்று எழுதப் போனேன்.
கையைப் பிடித்தார்.
பதினைந்து வருஷத்தில்
அவர் என்னைத் தொட்டது அந்த ஒரு தடவை.
"எழுதாதே. வண்டிய எடு."

வைப்பர் அடித்துக்கொண்டே இருந்தது.
அவர் கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசினார்,
என்னைப் பார்த்து அல்ல.
"ஆறு பேரு போனோம். அஞ்சு பேரு எறங்குனோம்.
மங்களூர்ப் பையன், எந்நேரமும் எதையாச்சும் மென்னுக்கிட்டிருப்பான்.
அவம்பேருக்கு நேரா எழுதற முறை
அன்னைக்கு எனக்கு.
பென்சிலச் சீவுனேன்.
மறுக்காவும் சீவுனேன்.
வெளக்க அணைக்கற மட்டும்
சீவிக்கிட்டே இருந்தேன்."
அப்புறம், "பள்ளம் இருக்குது, மெதுவாப் போ."

ஓடைத் தரைப்பாலம் மூழ்கிக் கிடந்தது.
அக்கரையில் இரண்டு மஞ்சள் வெளிச்சம்.
காரின் விளக்கை மூன்று முறை அணைத்துப் போடச் சொன்னார்.
அங்கேயும் மூன்று முறை.
"தெய்வசிகாமணீ! உள்வெளக்கப் போடுறா!"
இருட்டில் ஜன்னல் ஜன்னலாக
பஸ் முளைத்தது.
மழையில் நனைந்தபடி,
தண்ணீருக்கு இந்தப் பக்கம் நின்று,
விரலை நீட்டித் தலைகளை எண்ணினார்.
"முப்பத்தேழு!"
கண்டக்டர் கத்தினான்:
"முப்பத்தெட்டுங்க! ஒரு கைக்கொழந்தைங்க!"
அதற்கப்புறம்தான் காருக்குள் ஏறினார்.
பல் கிட்டிப் போயிருந்தது.
விடியும்வரை அங்கேயே கிடந்தோம்.

மறுநாள் இரண்டு பத்துக்கு ஏழாம் நம்பர் ஷெட்டுக்கு வந்தது.
சந்தைக்குக் கொண்டுபோன கடலைக்காயை
ராத்திரி எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுத்த அம்மாளுக்கு
மூட்டை என்ன விலை என்று கேட்டு
அதில் இரண்டு ரூபாய் குறைத்துக் கொடுத்தார்.
என் பென்சிலை வாங்கி
வந்த நேரத்தை அவரே எழுதினார்.
பிறகு, ஹாரன் அடிக்கவில்லை என்று
தெய்வசிகாமணிக்கு அரை நாள் சம்பளம்
பிடிக்கச் சொன்னார்.

பிடித்தேன்.
அதுவும் அந்த நோட்டில் இருக்கிறது.