பாரத்துக்கு ஒருவன்

நத்தாருக்கும் புதுவருசத்துக்கும் நடுவே
யாருக்கும் வேலையில்லாத ஒரு வியாழக்கிழமை
பாசையூர்க் கரையில் நாலு வள்ளங்கள்.
இயந்திரங்களைக் கழற்றி
பெனடிற்றா வீட்டு விறாந்தையில் அடுக்கியாயிற்று.
ஒளித்து வைத்து ஓட்டக்கூடாதாம்.
போன வருசம் கிளறன்ஸ் ஓட்டினவன்.

எட்மனின் பாய்
அக்கா மகளின் முதலாம் பிறந்தநாள் பனர்.
தலைகீழாய்த் தைத்துவிட்டான்.
காற்று ஏற ஏறக்
குழந்தையின் கன்னம் இன்னும் உப்புகிறது,
தொப்பி கடலைத் தொடப்பார்க்கிறது,
அவள் சிரித்தபடியே இருக்கிறாள்.

யோக்கீமின் வள்ளத்துக்குக் 'கடன் முடிந்தது' என்று பெயர்.
முடியவில்லை.
சங்கத்தில் அந்தப் பேரேட்டை எழுதுகிறவன் நான்.

"நீந்தத் தெரியுமோ கணக்கர்?"
"இல்லை."
"நல்லது. அப்ப அசையமாட்டீர்."

வாடை பலமாய் அடித்தால் வள்ளம் சரியுமாம்,
எதிர்ப்பக்கம் பாரத்துக்கு
ஒரு மணல்மூட்டை வேண்டுமாம்.
மணல் இப்போது நல்ல விலை.
மனைவியின் மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு
நான் ஏறினேன்.

பெனடிற்றா கிடாரத்து மூடியில்
அகப்பையால் ஓங்கி அடித்தாள்.
"இந்தப் பக்கம்!" உருள்கிறேன்.
"அந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம்!" உருள்கிறேன்.
தாமான் கயிறு காதை உரசிப் போகிறது.
ஐஸ்கிறீம் பெட்டியால் இறைத்த தண்ணீர்
காற்றில் திரும்பி என் வாய்க்குள்ளேயே வருகிறது.
வரவும் செலவும் சமன்.

மண்டைதீவுப் பக்கம், திரும்புகிற இடத்தில்
மஞ்சள் எண்ணெய்க் கான் ஒன்று மிதக்கவேண்டும்,
அதைக் கையால் தொட்டுத் திரும்பவேண்டும்.
கானைக் காணோம்.
கொஞ்ச நேரத்தில் காற்றையும் காணோம்.
பாய் ஈரச் சாரம்போலத் தொங்க
வள்ளத்தின் அடி மணலில் 'கர்ர்' என்றது.

யோக்கீம் என்னைப் பார்த்தான்.
தவணை கேட்கும்போது நான் அவனைப் பார்ப்பேனே,
அந்தப் பார்வை.
"கணக்கர், ஒருக்கால் இறங்கும்."

முழங்கால் தண்ணீர்தான்.
நான் இறங்க வள்ளம் எழும்பியது,
எங்கிருந்தோ ஒரு துண்டுக் காற்று வந்தது,
'கடன் முடிந்தது' போயே போய்விட்டது.
தூரத்திலிருந்து கத்தினான்:
"உதிலயே நில்லும்! நீர்தான் கான்!"

நின்றேன்.
முதலில் தலைகீழ்க் குழந்தை வந்தாள்.
எட்மன் எட்டி என் உச்சந்தலையில் தட்டிவிட்டுத் திரும்பினான்.
கிளறன்ஸ் துடுப்பால் தட்டிப் பார்த்து
"வெறுங்கான்தான்" என்றான்.
டொறத்தி மட்டும் கன்னத்தைத் தொட்டுவிட்டு
நனைந்த நத்தார் கேக் ஒரு துண்டைக் கையில் வைத்தாள்.
ஒருவரும் ஏற்றவில்லை.
போட்டியாம், பாரம் கூடுமாம்.

பிறகு சத்தமில்லை.
நாலு கொக்கு, நான்.
ஒரு நண்டு என் பெருவிரலைப் பரிசோதித்துவிட்டு
வேண்டாமென்று போனது.
இருபத்திரண்டு வருசம் இந்த ஊருக்குக் கணக்கெழுதியும்
அதைத் தண்ணீருக்குள் நின்று பார்த்ததில்லை.
கோயில் கோபுரம், ஐஸ் ஆலைக் கூரை, நாலைந்து தென்னை.
இவ்வளவுதானா?
இதற்கா அத்தனை பேரேடு?
கேக்கைச் சாப்பிட்டேன். உப்பாய் இருந்தது, நன்றாய் இருந்தது.

அக்கரையில் சண்டை தொடங்கியது.
யோக்கீம்தான் முதலில் எல்லையை நெருங்கினவன்.
"நீ கானைத் தொடேல்லை!"
"நான்தானடா கானையே வைச்சது!"
"வைச்சா? தொட்டனியோ?"
கிடாரத்து மூடி மறுபடி ஒலித்தது.
பெனடிற்றாவின் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை.

எதிர்க்காற்றில் போன வள்ளம்
ஏசிக்கொண்டே திரும்பி வந்தது.
அணியத்தில் குனிந்து
என் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி
சேட்டுக் கொலரில் பிடித்துத் தூக்கிப் போட்டான்.
"கடைசியாக்கிப் போட்டீர் என்னை."
கரைவரை அதையே சொன்னான்,
இடையிடையே தன்பாட்டில் சிரித்தான்.

பரிசு, நெளிந்த ஒரு கேத்தல். எட்மனுக்கு.
அதிலேயே தேத்தண்ணி வைத்தார்கள்.
லேசாய் மண்ணெண்ணெய் வாசம்,
எல்லாரும் இரண்டாம் முறையும் கேட்டார்கள்.

பாயை மணலில் காயப் போட்டிருந்தார்கள்.
பனரில் இருப்பவளுக்கு இப்போது மூன்று வயது.
கேக் ஒட்டிய வாயோடு வந்து
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
பிறகு பாய்க்கு முதுகு காட்டிக் குனிந்து
கால்களுக்கு நடுவால்
தன் முகத்தைப் பார்த்தாள்.