ஆய்வு இதுவரை

ஓர்லீனா ஸ்டிடம் வீட்டில்
வெள்ளம் சமையலறைக்கு மட்டும்தான் வரும்.
வரைபடம் அப்படித்தான் சொல்கிறது.
நீலம் அடுப்பைத் தொட்டு, மேசையில் பாதியைக் கடந்து,
கட்டிலுக்கு நாலடி முன்னால் நின்றுவிடுகிறது,
படுக்கையறைக்குள் வரக் கூசும் விருந்தாளி மாதிரி.

அந்த நீலத்துக்கு வருடம்
இரண்டாயிரத்து நூற்றுப் பத்து டாலர் காப்பீடு.
முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.
இரண்டு மாத ஓய்வூதியம்
இன்னும் வராத தண்ணீருக்குப் போகிறது.

அளப்பது என் வேலை.
முக்காலியை ஊன்றினேன்.
பாலத்துச் சுவரில் பதித்த பித்தளை வில்லையிலிருந்து
உயரத்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்தேன்,
தளும்பும் கிண்ணத்தைத் தூக்கி வருவதுபோல.
வீட்டை ஒட்டிய தரையில் ஆகத் தாழ்ந்த இடம்
புகைபோக்கிக்குப் பின்னால், நாய் தோண்டிய குழி.
அதை மூடச் சொன்னேனா என்று கேட்காதீர்கள்.
எண்ணூற்றுப் பன்னிரண்டு புள்ளி நான்கு அடி.
வெள்ளத்தின் உயரம் என்று அவர்கள் எழுதியது
வெறும் எண்ணூற்றுப் பன்னிரண்டு.
நடுவில் ஒரு ரொட்டித் துண்டை நிறுத்தலாம்.

விர்ஜில் ஹாட்மேக்கர் வீடு
ஸ்பைஸ்வுட் ஓடையில் அரை மைல் மேலே.
அங்கே நீலமே இல்லை.
ஜூலையில், இரவு இரண்டு மணிக்கு,
நிலக்கரிக்காகத் தலை சீவிய மலையிலிருந்து
இறங்கிய நீர் பின்கதவைத் தள்ளித் திறந்து
குளிர்பெட்டியைத் தூக்கிப்போய்
முன்வாசலில் நிறுத்தியது, நிமிர்த்தியே.

நீலத்துக்குள் இருந்தால்தான்
அரசு வீட்டை விலைக்கு எடுத்துக்கொள்ளும்.
விர்ஜில் உள்ளே வர மனுப் போட்டார்.
ஓர்லீனா வெளியே போக.
இரண்டிலும் என் அளவு, என் கையெழுத்து.

தீயணைப்பு வண்டியை மழையில் நிறுத்திவிட்டு
அது நின்ற இடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள்.
விர்ஜில் சுவரில் மாட்டிய தாளில்
ஓடையின்மேல் விரலை ஓட்டினார்.
வளைந்து நெளிந்து வந்த நீலம்
ஒரு நேர்கோட்டில் முடிந்தது, கத்தி வைத்ததுபோல.
பக்கத்தில் எறும்பெழுத்தில்: ஆய்வு இதுவரை.

"தண்ணீரும் இதுவரைதானா?"

சட்டைப்பையில் கென்டக்கி முத்திரை குத்திய பையன்
பொய் சொல்லத் தெரியாதவன்.
"பணம் இருந்த வரைக்கும் அளந்தார்கள், ஐயா.
அதற்கு அப்பால் வெள்ளம் வராது என்று
நாங்கள் எங்கேயும் சொல்லவில்லை."

"சொல்லவில்லை.
வெள்ளையாக விட்டிருக்கிறீர்கள்.
வங்கி அதைப் படித்துக்கொண்டது."

ஓர்லீனாவுக்கு ஆறு வாரத்தில் கடிதம் வந்தது:
தங்கள் வீடு அபாயப் பகுதியில் இல்லை.
தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டாள்.
"அப்படியென்றால் வராது, இல்லையா?"
காப்பீட்டை விட்டுவிடாதீர்கள், என்றேன்,
இனிமேல் மலிவாகவே கிடைக்கும்.
"புள்ளி நான்கு என்று நீதானே எழுதினாய்?"
எழுதினேன்.
எண் சரி. எண்ணில் பிழையே கிடையாது.
அன்று இரவு மழை பிடித்தபோது
அந்த நாய்க்குழியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விர்ஜிலின் மனுவுக்குப் பதில்: பரிசீலனையில்.

மார்ச்சில் வேறு வேலையாகக் கூடத்துக்குப் போனேன்.
ஆய்வு நின்ற இடத்திலிருந்து
யாரோ தச்சுப் பென்சிலால் ஓடையைத் தொடர்ந்திருந்தார்கள்,
இரு கரையிலும் வெள்ளத்தின் விளிம்போடு.
தாள் தீர்ந்த பிறகும் கை நிற்கவில்லை.
பச்சைச் சுவரில் ஏறி, மின்விசைப் பலகையைச் சுற்றி,
மொட்டை மலை இருக்கவேண்டிய உயரம் வரைக்கும்.
கருவி கையில் இல்லை. கண்ணளவில் பார்த்தேன்.
அரை அடிகூடத் தப்பவில்லை.

ஏப்ரலில் கிறுக்கிய தாளைக் கிழித்துவிட்டுப்
புதுத் தாள் மாட்டினார்கள்.
சுத்தமான நீலம், அதே நேர்கோடு, அதே எறும்பெழுத்து.
வெள்ளைப் பகுதி தாண்டி, தாளின் ஓரத்தில்,
சுவரிலிருந்து கிளம்புகிறது
யாரும் துடைக்காத பென்சில்.