தேர்த்துகள்

டிரெஸ்டனில் கடைசி டிராம்
ஒரு மணி பத்துக்குப் பணிமனை திரும்புகிறது.
அதுவரை ரோஸ்விதாவால் எதையும் பார்க்க முடியாது.

தண்டவாளம் இரண்டு தெரு தள்ளித்தான்.
ஆனாலும் அதில் ஓடும் மின்சாரம்
மண்ணுக்குள் கசிந்து, சுவரைக் கடந்து,
அடித்தளத்து நுண்ணோக்கியின்
எலக்ட்ரான் கற்றையை மயிரிழை தள்ளிவிடும்.
மயிரிழை என்பது இங்கே பெரிய சொல்.
ஓர் இழையின் குறுக்கே
இவர்கள் தேடும் மணிகளை
ஐந்நூறு அடுக்கலாம்.

"போய்விட்டதா?" என்கிறான் பேனோ.
"இன்னும் ஒன்று இருக்கிறது."
அவள் கேட்டுச் சொல்லவில்லை, பார்த்துச் சொல்கிறாள்.
திரையில் நேர்கோடுகள்
காற்றில் காயும் துணிபோல் நெளிகின்றன.

அந்த நேரத்துக்கு ரொட்டியும் ஊறிய வெள்ளரியும்.
கருவியறையில் உண்ணக் கூடாது என்று
அவளே ஒட்டிய தாளுக்குக் கீழே,
கதவுக்கு இந்தப் பக்கம், நின்றபடி.

பேனோ லுசாட்டியாக்காரன், சோர்பிய மொழி பேசும் வீடு.
அப்பா முப்பத்தொரு வருடம்
பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில்
வாளிச்சக்கர இயந்திரம் ஓட்டியவர்.
ஒரு வாளிக்குள் ஒரு கார் அடங்கும்.
ஓய்வுக்குப் பிறகு ஞாயிறுதோறும் தொலைபேசியில்
ஒரே கேள்வி: "இந்த வாரம் எவ்வளவு வெட்டினாய்?"
போன வாரம் சொன்னான்: "மூன்று மில்லிகிராம்."
அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை.
பிறகு:
"ஈரத்தோடா, ஈரம் போகவா?"

சிலிக்கான்.
மணலுக்குள் இருப்பது, கணினிக்குள் இருப்பது.
மின்கலத்தில் வைத்தால்
கிராஃபைட்டைவிடப் பத்து மடங்கு லித்தியம் விழுங்கும்.
விழுங்கி, மூன்று மடங்கு ஊதி,
வெடிக்கும்.
மணியைச் சிறிதாக்கிக்கொண்டே போனால்
ஓர் அளவுக்குக் கீழே
வெடிப்பு ஓடுவதற்கு உள்ளே இடமில்லை.
ஊதும், சுருங்கும், மறுபடி ஊதும்.
உடைவதற்கும்
கொஞ்சம் பெருமை வேண்டும் போலிருக்கிறது.

இன்றைய மணிகள் ஆயிரம் முறை ஊதிச் சுருங்கியவை.
மின்கலம் செத்துவிட்டது.
மணி உடைந்துதான் செத்ததா?
ஓர் இடத்தில் ஒரு முறைதான் பார்க்கலாம்.
காட்டுகிற கற்றையேதான் எரிக்கிற கற்றை.

தமிழில் ஒரு பழைய வாய்பாடு உண்டு:
எட்டு அணு ஒரு தேர்த்துகள்,
எட்டுத் தேர்த்துகள் ஒரு பஞ்சிழை.
அணுவுக்கும் பஞ்சுக்கும் நடுவே
தேர் போனபின் எழும் தூசியை
யாரோ ஓர் அளவாக வைத்திருக்கிறார்கள்.
இந்த இருவருக்கும் அது தெரியாது.
தேர் போகட்டும் என்றுதான் நிற்கிறார்கள்.

ஒன்று பத்து. ஒன்று பன்னிரண்டு.
கோடுகள் நிமிர்கின்றன.
ரோஸ்விதா மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள்,
தேவையில்லை என்று தெரிந்தும்,
இருபது வருடப் பழக்கம்.

மணிகள் முழுசாக இருக்கின்றன.
ஒன்றுகூட உடையவில்லை.
ஆனால் ஒவ்வொன்றின் மேலும்
மணியைவிடத் தடித்த ஒரு மேலோடு,
குளத்துக் கல்லில் பாசி ஏறியதுபோல்.
ஊதும்போதெல்லாம் அது கிழிந்திருக்கிறது,
கிழிந்த இடத்தில் புதிதாய்ப் படிந்திருக்கிறது,
படியும்போதெல்லாம்
கொஞ்சம் லித்தியத்தைத் தின்றிருக்கிறது.

மார்ச்சில் நிதி முடிகிறது.
விண்ணப்பத்தின் எட்டுப் பக்கமும்
உடைவதைப் பற்றியது.
பேனோ தன் மொழியில் ஏதோ சொல்கிறான்.
அவளுக்குப் புரியவில்லை, தொனி புரிகிறது.
"உடையவில்லையே," என்கிறாள்.
"இல்லை. உடையவில்லை."
சிரிப்பு வருகிறது அவனுக்கு, அழுகை மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்வது?
சரக்கு நன்றாக இருக்கிறது அப்பா,
மேல்மண்தான் தொல்லை என்றால்
அவருக்குப் புரிந்துவிடும்.
அதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

நாலேகாலுக்கு முதல் டிராம்.
நாற்பத்தொன்றாவது படத்தில்
மணிகளெல்லாம் மெல்ல நெளிகின்றன.
அழிக்க வேண்டிய படம்.
ரோஸ்விதா தேதி போட்டு, மாதிரி எண் போட்டு,
பக்கத்தில் "டிராம்" என்று எழுதி
சேமித்துவைக்கிறாள்.