பிரேக்கா, ஹீட்டரா

எழுபத்தெட்டாம் வருடத்து ஊவாஸ் ஜீப்.
என்னைவிட இரண்டு வயது இளையது.
இடது டாங்க் ஓட்டை, வலதில் மட்டும்தான் பெட்ரோல்.
சீட்டடியில் குழாயைத் திருகத் தெரியாதவன்
இதைத் திருடிப் போகவும் முடியாது.

இலையுதிர்ந்ததும் மூன்று ஆடுகளை விற்றேன்.
பிரேக்கா, ஹீட்டரா?
இரண்டுக்கும் ஆடு போதாது.
நரின் சந்தையில் தலன்ட்பெக் சொன்னான்:
"குளிர்ந்தால் கோட்டு போடலாம், புருல்சா.
நிற்காவிட்டால் எதைப் போடுவாய்?"

நொறுங்கிப்போன கொரிய வேனில் கழற்றிய டிஸ்க்.
துளை எதுவும் ஒத்துவரவில்லை.
அரம் போட்டோம், லேத்தில் கொடுத்துக் கடைந்தோம்,
கடைசி போல்ட்டைத் திட்டித் திட்டியே இறுக்கினேன்.
சரிவில் விட்டு மிதித்தால்
கண்ணாடியில் மூக்கு இடிக்க
நின்றது.

ஜனவரி. டோலோன் கணவாய்.
ஆட்டுத் தடுப்பூசி உறையாதிருக்க
பாதிப் பெட்டி என் கோட்டுக்குள்.
கேசட் மூடியால் கண்ணாடியின் உள்பனியைச்
சுரண்டிக்கொண்டே ஓட்டுகிறேன்.

வளைவு தாண்டியதும் பள்ளத்தில்
மூக்குக் குத்திக் கிடந்தது ஒரு வெள்ளை லெக்சஸ்.
இறங்கி, முன்சக்கர மூடிகளைத் திருகி
நாலையும் பிடிக்க வைத்தேன்.
கயிறு விறைத்தது.
ஊவாஸ் முக்கியது, முனகியது,
இழுத்துவிட்டது.

பிஷ்கெக்காரர் பணத்தை நீட்டினார்.
வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை.
வாங்க விரல் மடங்கவில்லை.

"உங்கள் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்" என்றேன்.

அவர் குனிந்து கயிற்றை அவிழ்க்கும் வரை
அந்த வண்டியின் வெதுவெதுப்புக்குள்
இரண்டு கைகளையும் விட்டு நின்றேன்.
முடிச்சு நன்றாக இறுகியிருந்தது.
அவசரமில்லை என்றேன்.