எதிர்காலப் பணி

பதினேழாவது ஸ்லைடு மட்டும் என் பங்கு.
பதினாறு வரை
செய்யதலி பாத்திமாவும் பிரம்மநாயகமும் பேசுவார்கள்.
நான் எழுந்து எதிர்காலப் பணி என்று வாசித்து
நன்றி சொல்லி உட்கார வேண்டும்.
அதற்கே காலையிலிருந்து மூன்று தடவை
முகம் கழுவிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் மாதத்துப் பாளையங்கோட்டை.
ஆய்வகத்தில் ஏசி ஓடுவது சர்வருக்காக.
அதன் பக்கத்துச் சுவரோரம்
பன்னிரண்டு பேர், முழுக்கைச் சட்டையோடு.

எங்களுக்கு முந்தின குழு
முகம் பார்த்து வருகைப்பதிவு எடுத்துக் காட்டியது.
கேமரா துறைத்தலைவரைத் தேடி, கட்டம் போட்டு,
'தெரியாத நபர்' என்றது.
கடைசி வரிசையில் ஒருத்தன்
சிரிப்பை இருமலாக மாற்றினான்.

பிறகு நாங்கள்.

பாத்திமா மேலப்பாளையத்துக்காரி.
அங்கே சுற்றின பீடிக்குக் கட்டுக்கட்டாகக் கணக்கு உண்டு.
சுற்றினவளுக்கு
கம்பெனி அட்டையில் பாத்துமுத்து,
ரேஷன் கார்டில் பாத்திமுத்து,
ஆதாரில் பாத்து, அப்புறம் முத்து,
நடுவில் ஓர் இடைவெளி.
இருபத்திரண்டு வருஷத்து வைப்புநிதி
அந்த இடைவெளிக்குள் விழுந்து கிடக்கிறது.

எங்கள் நிரல்
பெயரின் ஓசையை எடை போடும்,
கணவர் பெயர், கதவு எண், பிறந்த வருஷம் பார்க்கும்,
இவளும் அவளும் ஒருத்தியாக இருக்க
நூற்றுக்கு எத்தனை என்று சொல்லும்.
முன்னூற்றுப் பன்னிரண்டு பேருடைய அட்டைகள்.
எல்லாவற்றிலும் புகையிலைத் தூள்.
தும்மித் தும்மித் தட்டச்சு செய்தவன் நான்.

நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த தேர்வாளர்
போனிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்:
"துல்லியம்?"
"எண்பத்தொன்பது சார்," என்றான் பிரம்மநாயகம்.
"தொண்ணூத்தஞ்சு தாண்டியிருந்தா
கட்டுரையாப் போட்டிருக்கலாம்."
அவன் தலையாட்டினான்.
ஆறு சதவீதத்தை
எங்கோ கடையில் வாங்கி வந்துவிடுகிறவனைப் போல.

அப்போது பாத்திமா
ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"சார், தொண்ணூத்தேழு காட்டினதுல ஒண்ணு தப்பு.
ஒரே தெரு. ஒரே பேரு.
ரெண்டு பேரு மாப்பிள்ளையும் மைதீன்.
ஒருத்திதான்னு சிஸ்டம் சேர்த்துட்டு.
பணத்த எழுதிக் கேக்கலாம்னு சொல்லப் போனா
ரெண்டு பேரும் ஒரே வாசல்ல நிக்காங்க.
ஒருத்தி மடியில தட்டு,
ஒருத்தி எங்களுக்கு நன்னாரி சர்பத் கலக்குதா."

தேர்வாளர் போனைக் கவிழ்த்து வைத்தார்.
"இது அறிக்கையில இருக்கா?"
"இல்ல சார்."
"ஏன்?"
வழிகாட்டி ஆசிரியர் விட்டத்தைப் பார்த்தார்.
வெட்டச் சொன்னவர் அவர்தான்.
அவள் அதைச் சொல்லவில்லை.

என் முறை வந்தது.
திரையில்
மொபைல் செயலி, மேகக் கணினி, பிற மாநிலங்களுக்கு விரிவாக்கம்.
மூன்றையும் வாசித்தேன்.
வாசித்து முடித்த பிறகு என் வாய் நிற்கவில்லை:
"அப்புறம் சார்,
ஹாமீம்புரத்துக்கு இன்னொரு வாட்டி போவணும்."
நன்றி ஸ்லைடு வர நேரமானது.
ரிமோட்டில் பேட்டரி தீர்ந்திருந்தது.

எவ்வளவு போட்டார் என்று தெரியவில்லை.
கையெழுத்துத் தாளில் என் பெயர் மாகாளி உச்சி என்றிருந்தது.
திருத்தப் போனேன்.
அடித்தல் கூடாது என்றார் கிளார்க்.
அந்தப் பெயரிலேயே கையெழுத்திட்டேன்.

வண்ணார்பேட்டை பஸ்ஸுக்கு நிற்கையில்
சென்னைக் கம்பெனியின் மெயில் வந்தது:
அன்புள்ள உச்சிமகாலி,
சேரும் தேதி பின்னர் அறிவிக்கப்படும்.
மூன்றாவது மாதமாக அதே வரி.

பிரம்மநாயகம் சிரித்தான்.
பாத்திமா சிரிக்கவில்லை.
வெயிலுக்குத் துப்பட்டாவைக் குடையாக்கி
மடியில் மடிக்கணினியைத் திறந்து
இரண்டு பெயரையும் உள்ளே கொடுத்தாள்.

"எழுவத்தாறு," என்றாள்.
"ஊரும் ஒங்கப்பா பேரும் போட்டா
ஏறும்ல."